அம்மாக்கண்ணு கேட்ட ஒரு மணி நேரம்

அம்மாக்கண்ணு பொறாமைக்காரி என்று 1965ஆம் வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தேயிலைத் தோட்டமே சிரித்திருக்கும். பொறாமைப்பட அங்கே யாரிடம் என்ன இருந்தது? எல்லோருக்கும் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே அளவு அறை, ஒரே அளவு அரிசி, ஒரே மழை. அவளும் மற்றவர்களைப் போலப் பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடை தூக்கினவள்தான். முப்பது வயதில் வடிகானில் வழுக்கி விழுந்து இடது கால் முறிந்தது, கோணலாகக் கூடியது. இனி மலை ஏற மாட்டாள் என்று அவளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாகப் போட்டார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பெற்ற இரண்டும் தங்காமல் போனவளுக்கு ஒரே நாளில் நாற்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தன.

சும்மா சொல்லக்கூடாது, பதினாறு வருடமாக நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். எது பாலைக் குடித்த கையோடு கக்கும், எதைக் குப்புறப் போட்டால்தான் தூங்கும், எது தாயைத் தேடி ஏங்கிக் காய்ச்சலில் விழும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தைப்பொங்கலன்று தோட்டத்துக்கு லீவு. மறுநாள் விடியும்போதே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்படித்துவிடுவார்கள். தாய்மார் மலைக்கு ஓடுவார்கள், பிள்ளைகள் மூக்கை வழித்துக்கொண்டு காம்பராவில் வந்து விழும். அந்த மாட்டுப் பொங்கல் நாளில் காம்பரா வாசலில் ஒரு பானை வைக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளும் சுற்றி நின்று பொங்கலோ பொங்கல் என்று கத்த வேண்டும். பத்து மணிக்குத் தாய்மார் இறங்கி வந்து ஒரு மணி நேரம் தங்கள் பிள்ளையை மடியில் வைத்து ஊட்டிவிட்டுப் போக வேண்டும். இவ்வளவுதான்.

"மாட்டுக்கு ஒரு பொங்கல் இருக்கு. எம்புள்ளைகளுக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா?" என்று லயத்தில் எல்லோரிடமும் கேட்பாள். பிள்ளைப் பொங்கல் என்று அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

மூன்று வருடம், ஒவ்வொரு மார்கழியிலும் கண்டாக்கையாவிடம் போய் நின்றாள். மலையில் வேலை வாங்குகிற அந்தக் கண்டாக்கையா பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனுசர் இல்லை, ஆனால் கொழுந்தைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படாது.

"அரிசி, வெல்லமெல்லாம் நாங்களே போட்டுக்கிறோங்க, ஐயா. தாய்மாருக்கு ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க."

"உனக்கென்ன விசரே? முப்பது பொம்பிளையள் ஒரு மணித்தியாலம் கீழ வந்து நிண்டால் கொழுந்தை ஆர் எடுக்கிறது? உதெல்லாம் துரையிட்டக் கேக்கேலாது. போ, போய்ப் பிள்ளையளைப் பார்."

மூன்று வருடமும் இதே பதில்தான். மூன்று வருடமும் கால் கடுக்க நின்று, இதைக் கேட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

இந்த நிலையில்தான், அந்த வருடம் மாசி மாதம், இங்கிரிட் வந்து இறங்கினாள். நோர்வே நாட்டுக்காரி, வயது இருபத்து நாலு, நர்சு. சம்பளமே வாங்காமல் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யக் கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்றார்கள். லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. "நம்ம தாத்தமாருந்தான் கடல் தாண்டி வந்தாங்க. அவங்களுக்கும் சம்பளம் ஒழுங்காக் கெடைக்கல" என்று அம்மாக்கண்ணுவின் புருசன் இராமையா சொல்லிச் சிரித்தான்.

அவள் புத்தகம் வைத்துத் தமிழ் படித்துக்கொண்டு வந்திருந்தாள். "குழந்தைகளே, கைகளைக் கழுவுங்கள்!" என்பாள், மேடையில் நின்று பேசுகிற மாதிரி. அடேயப்பா, அத்தனையும் ஓடிப்போய்க் கையைக் கழுவின! பதினாறு வருடமாக இவள் தொண்டை கிழியக் கத்தியும் நனையாத கைகள். அதுகூடப் போகட்டும். வேலாயி மகள் பூரணி என்று நாலு வயசுக் குட்டி ஒன்று, அம்மாக்கண்ணு மடியில்லாமல் கண்ணை மூடாது. அது ஒரு நாள் மத்தியானம் அந்த மஞ்சள் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரி மடியில் குறட்டை விட்டது. நன்றிகெட்ட கழுதை! அம்மாக்கண்ணுவுக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்குப் பால் கோப்பைகளை அவள் கழுவிய சத்தம் ஆலை வரைக்கும் கேட்டிருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், இங்கிரிட் அவளையே சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மாக்கண்ணு அக்கா, அம்மாக்கண்ணு அக்கா என்று எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கேட்பாள். உங்களுக்கு என்ன பண்டிகை, எப்படிக் கொண்டாடுவீர்கள் என்று ஒரு நாள் கேட்டாள். இவளும் வாய் சும்மா இருக்காமல் பிள்ளைப் பொங்கல் கதையை ஒன்று விடாமல் சொல்லித் தொலைத்தாள்.

மே மாதம் பிறந்தது. ஒரு காலையில் இங்கிரிட் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள்.

"பதினேழாம் திகதி என் நாட்டின் திருநாள், அக்கா. எங்கள் ஊரில் அன்று குழந்தைகள்தான் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். இங்கும் நம் குழந்தைகள் போகப் போகிறார்கள். துரை சம்மதித்துவிட்டார். அம்மாமார் எல்லோரும் பத்து மணிக்கு வந்து பார்க்கலாம்."

"எம்புட்டு நேரத்துக்குங்க?"

"ஒரு மணி நேரம்."

அதே ஒரு மணி நேரம்! மூன்று வருடம் நொண்டிக் காலோடு போய்க் கெஞ்சிக் கேட்டது. இந்த வெள்ளைக்காரி இங்கிலீசில் ஒரு கடுதாசி எழுதினாளாம், கிடைத்துவிட்டதாம். இப்போது மட்டும் கொழுந்தை யார் எடுக்கிறதாம்? அம்மாக்கண்ணு அன்றிரவு சோற்றைப் பிசைந்துவிட்டு உண்ணாமல் எழுந்தாள்.

"நாட்டுக்கு ஒரு திருநாளாம், தூ!"

"நமக்கு எந்த நாடுன்னு இந்தியா, சிலோன் ரெண்டு கவர்மெண்டும் இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. அந்தப் புள்ளைக்காச்சும் ஒண்ணு இருக்கே, கொண்டாடிட்டுப் போகட்டும் விடு" என்றான் இராமையா.

"ஒங்களுக்கு என்ன, வெள்ளத்தோலப் பாத்தாப் பல்ல இளிப்பீங்க."

பிள்ளைகள் தினமும் வாசலில் வரிசையாக நடந்து பழகின. ஹுர்ரா என்று கத்த வேண்டுமாம். பூரணிதான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கத்தியது. பொங்கலோ பொங்கல் என்று கத்த வேண்டிய வாய் இது என்று அம்மாக்கண்ணு ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்துப் பொருமினாள்.

வெள்ளிக்கிழமை இங்கிரிட் தலவாக்கலையில் வாங்கி வந்த சிவப்புத் துணியை நாற்பது துண்டாக வெட்டி, கஞ்சி போட்டு, வாசல் கயிற்றில் காயப் போட்டாள். அதன் மேல் வெள்ளையிலும் நீலத்திலும் சிலுவை மாதிரி பட்டி வைத்துத் தைத்தால்தான் அவளுடைய நாட்டுக் கொடி ஆகும். பட்டிகளை வெட்டிக் கொடுத்ததே அம்மாக்கண்ணுதான். அந்தச் சமயம் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று வாரமாக வேலைநிறுத்தம். அங்கே மூலைக்கு மூலை சங்கத்தின் சிவப்புக் கொடி பறந்தது. நம் தோட்டத்துக்கும் தொற்றிவிடுமோ என்று கண்டாக்கையா தூக்கம் கெட்டு அலைந்துகொண்டிருந்தார்.

அவர் கீழ் ரோட்டில் போவதை அம்மாக்கண்ணு பார்த்தாள். கால் நொண்டினாலும் அன்றைக்கு நடை வேகமாகத்தான் இருந்தது.

"ஐயா, புள்ளைக்காம்பரா வாசல்ல நாப்பது செவப்புக் கொடி காயுது. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையக் கேக்கக் கூடாது பாருங்க."

வெள்ளைப் பட்டியைப் பற்றியும் நீலப் பட்டியைப் பற்றியும் அவள் வாயே திறக்கவில்லை. அவர் வந்து நாலு சத்தம் போடுவார், துணியைப் பிடுங்குவார், அந்தச் சிரித்த மூஞ்சி ஒரு நாளாவது சுருங்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். திரும்பி வரும்போது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. வந்து எட்டிப் பார்த்தார், வெளிறிப்போய் நேரே துரை பங்களாவுக்கு ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் துரை இங்கிரிட்டைக் கூப்பிட்டனுப்பினார். போனவள் ஒரு மணி நேரம் கழித்துக் கண் சிவக்க வந்தாள். கயிற்றிலிருந்த துணிகளை உருவிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே கண்டாக்கையா கையில் கடுதாசியோடு வந்து வாசலில் நின்றார்.

"அது மிஸ்ஸியின்ரை நாட்டுக் கொடி எண்டு துரைக்கு விளங்கிட்டுது. ஆனால் தூரத்திலயிருந்து பாக்கிற சனத்துக்குச் சிவப்புச் சிவப்புத்தானே. இந்த நேரத்தில கூட்டம் கூடேலாதாம். பதினேழாம் திகதிக்குக் குடுத்த அனுமதி ரத்து. வாற வருஷம் மாட்டுப் பொங்கலுக்குக் குடுத்த அனுமதியும் ரத்து. இனிப் பிள்ளைக்காம்பராவில ஒரு கொண்டாட்டமும் கிடையாது."

"மாட்டுப் பொங்கலா? அது எங்கங்க வந்துச்சு?"

"மிஸ்ஸி ஒரே கடிதத்தில ரெண்டு நாள் கேட்டு வாங்கினவ. தன்ரை நாள் ஒண்டு, உன்ரை பொங்கல் ஒண்டு. ரெண்டுக்கும் ஒவ்வொரு மணித்தியாலம். பொங்கல் கிட்ட வந்த பிறகு உனக்குச் சொல்லுவம், இப்ப சொல்ல வேண்டாம் எண்டு என்னட்டையும் சொன்னவ." அவர் கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீ நேரத்துக்கு வந்து சொன்னது நல்லதாப் போச்சு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மாக்கண்ணு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். கிடைத்திருந்தது! மூன்று வருடத்து ஆசை, துரை கையெழுத்தோடு கிடைத்து, பத்து நாளாக ஒரு கடுதாசிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அதை அவளே தன் வாயால் கெடுத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து இங்கிரிட் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மாக்கண்ணுவின் இரண்டு கைகளையும் எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னித்துவிடுங்கள், அக்கா. என்னுடைய கொடியால் உங்கள் பொங்கல் போய்விட்டது. தவறு என்னுடையதுதான்." சொல்லும்போதே பொலபொலவென்று அழுதாள். பூரணி ஓடி வந்து தன் அழுக்குப் பாவாடையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டது.

நான்தான் போய்ச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை அம்மாக்கண்ணுவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றது. பாவம் செய்தது இவள், மன்னிப்புக் கேட்கிறது அவள்! பொங்கலை வாங்கித் தந்த பெருமையும் அவளுக்கே, அது போனதற்குப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து அழுகிற பாக்கியமும் அவளுக்கே. இவளுக்கென்று எதையாவது மிச்சம் வைத்தாளா, பாவி மகள்! அந்த நேரத்திலும் அம்மாக்கண்ணுவுக்கு அவள் மேல் பொறாமைதான் பொங்கிக்கொண்டு வந்தது.

ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. அழுதால் இங்கிரிட் கட்டிப்பிடித்துத் தேற்றுவாள். அதை மட்டும் தாங்க முடியாது என்று அம்மாக்கண்ணு கைகளை உருவிக்கொண்டு, கழுவி வைத்திருந்த கோப்பைகளையே மறுபடியும் அள்ளிக்கொண்டு, தண்ணீர் கொட்டும் பீலியடிக்குப் போனாள்.