ஆயுத பூசையன்று தியேட்டருக்குள் போட்ட புகை

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஆபரேஷன் தியேட்டரின் சுத்தம் என் பொறுப்பு. சுவரையும் மேசையையும் துடைத்துவிடலாம். காற்றில் மிதக்கிற கிருமியை எதைக் கொண்டு துடைப்பது? கதவு, ஜன்னல் இடுக்கிலெல்லாம் காகிதம் ஒட்டி, சட்டியில் பெர்மாங்கனேட் தூளைப் போட்டு, அதன்மேல் ஃபார்மலினை ஊற்றிவிட்டு ஒரே ஓட்டமாக வெளியே வந்துவிட வேண்டும். கிளம்புகிற புகை ராத்திரி முழுக்க உள்ளேயே நிற்கும். காலையில் அம்மோனியா வைத்து அந்த நெடியை எடுத்தபிறகு, மின்விசிறிகூடப் போட விடமாட்டேன். அடங்கின தூசியை யார் கிளப்புவது?

ஓர் ஆயுத பூசைக்கு முந்தின ராத்திரி அப்படிப் புகை போட்டு, பூசையன்று காலையில் நெடியை எடுத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் தியேட்டர் திறந்து கிடக்கிறது. இன்னொரு சாவி டாக்டரின் மனைவியிடம் இருந்தது. தூபக்காலோடு உள்ளே நிற்கிறார். மேசைக்கும் விளக்குக்கும் சந்தனம், குங்குமம். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டிய?”

“ஏன் சிஸ்டர், நேத்து நீங்களும் புகைதான போட்டிய? இதுலயும் கிருமி சாகும்லா.”

சாம்பிராணி கிருமியைக் கொல்லாது, கரித்தூசியைத்தான் கிளப்பும் என்று நான் விளக்குவதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கரிவலம்வந்தநல்லூர்ப் பெண். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. முதல் பிள்ளை செத்தே பிறந்ததாம். திருநெல்வேலிக்கு அனுப்ப நேரமில்லை என்றார் டாக்டர். கிருமி கொல்லும் லைசாலில் நனைத்த துணியால் மேலிருந்து கீழாக அவசர அவசரமாகத் துடைத்தேன். புகை முழுசாக அடங்கக் காத்திருக்க வழியில்லை. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார் டாக்டர். ஆண் குழந்தை. பிறந்ததும் வீறிட்டு அழுதான்.

சில நாளில் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. தையலில் சீழ் வைத்துப் பிரிந்துவிட்டது. ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கட்டு மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். டாக்டர் மனைவியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கட்டு மாற்றப் போன ஒருநாள் அவரே என்னை நிறுத்திக் கேட்டார்.

“சிஸ்டர், என்னாலயா?”

மழுப்பிப் பேச எனக்கு வராது. “இருக்கலாம்மா,” என்றேன்.

அவர் நேரே அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் போனார். “தாயி, நான் சாம்பிராணி போட்டதாலதான் உனக்கு இப்படி ஆயிருக்கும். என்னைய மன்னிச்சிரு,” என்றார்.

அவள் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள்.

“புண்ணு ஆறிரும்மா. மூத்தது ஒருதடவகூட அழல. இவன் ஓயாம அழுதான்லா, எனக்கு அது போதும்.”

கட்டுத்துணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் அழுதேன்.