கண்ணாடி முன் அடித்த மணி

திருநெல்வேலியில் சிறப்புக் குழந்தைகளுக்கான மழலையர் பள்ளி ஒன்றில் பேச்சுப் பயிற்சி அளிக்கிறேன். எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம்.

ஜூன் முதல் திங்களன்று, இன்னும் பேச்சு வராத மூன்றரை வயது செல்வியை அவள் அம்மா விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தார். உதட்டசைவு பழக்கும் கண்ணாடி முன் அவளை உட்காரவைத்து, பின்னால் நின்று மணி அடித்தேன். உடனே திரும்பினாள். 'காது கேட்கிறது' என்று நோட்டில் எழுதினேன்.

"வீட்டுல தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கா டீச்சர். இங்கன மட்டும் எப்படித் திரும்புதா?" என்றார் அம்மா.

"வீட்டுல விளையாட்டுக் கவனமா இருப்பாம்மா," என்று சொல்லிப் பயிற்சியைத் தொடங்கினேன்.

அக்டோபரில் வெள்ளையடிப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்கள். மணி அடித்தேன். செல்வி அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். அப்போதுதான் உறைத்தது. ஜூனில் அவள் திரும்பியது சத்தத்துக்கு அல்ல, கண்ணாடியில் தெரிந்த என் கைக்கு.

அன்றே அவளைக் காது பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை நோட்டைப் பிரித்துப் பிரித்து அந்த ஜூன் வரியையே பார்த்தேன். இரண்டு காதிலும் குறை இருந்தது. காதில் கருவி பொருத்தினால் பேச்சு வரும், காலம் கடந்துவிடவில்லை என்றார் மருத்துவர்.

அம்மாவிடம் என் தவறைச் சொன்னேன். "அன்னைக்கே சொன்னேன்லா," என்றார்.

இப்போது காது பரிசோதனை முடிவைப் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் நான் பயிற்சி தொடங்குவதில்லை. நோட்டில் தேதிக்குக் கீழே முதல் வரியாக, அந்தக் குழந்தையின் அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.