தண்ணீரில் வைத்திருக்கலாம்

பிழை என்னிலைதான். போர்க்காலத்தில் கம்பஸைத் திடீரென்று மூட, என்ர இரசாயன ஆய்வுக்கான நிக்கல் தூளைப் போத்தலில் எடுத்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்தனான். ஐதரசன் ஏற்றினால் என்ர பொருள் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவில் வரும். புளியிலுள்ள அமிலத்தில் ஊறவைத்த இந்த நிக்கல் அவற்றில் ஒன்றையே கூடுதலாகத் தரும். தண்ணீரில் வைத்தால் அந்தக் குணம் கெடுமென்று பயந்து ஸ்பிரிட்டில் வைத்தனான்.

துறைமுகத்தடிச் சென்றியில் சோதனைக்கு மறித்த ஒரு ஆமிக்காரப் பொடியன் போத்தலை மணந்து பார்த்து, கள்ளச் சாராயமென்று நினைத்து, "கசிப்பா?" என்று சிரித்தான். ஸ்பிரிட்டைக் கீழே ஊற்றிவிட்டு, தூளைக் காயவைத்து எனக்குத் திருப்பித்தர, பேப்பரில் கொட்டி வெயிலில் வைத்தான். காய்ந்தால் அது தானாகவே பற்றும். அதைச் சொல்லுமளவு சிங்களம் எனக்கு ஏலாது. தண்ணீருக்கு மட்டும் சொல் தெரியும்.

"வதுர! வதுர!"

எனக்குத் தாகம் என்று நினைத்தவன், தன்ர தண்ணீர்ப் போத்தலை நீட்டி, தெரிந்த தமிழில், "குடி" என்றான்.

நான் வாங்க, பேப்பர் பற்றியது. தட்டி அணைக்கப் போனவன் கை வெந்து கத்தினான். மற்றவர்கள் துவக்கை நீட்டி, கையைத் தூக்கச் சொன்னார்கள்.

தூக்கின கையில் அவன் தந்த தண்ணீர். அதை அவன்ர கையில் ஊற்ற ஏலாமல் நின்றனான்.