குளித்த மறுநாள் ரயில்

பொன்செல்விக்கு நாற்பத்திரண்டு வயதில் நாள் தள்ளிப்போனது. ஒரு மாதமில்லை, மூன்று மாதம். திருநெல்வேலி டவுணில் அவள் சேலை எடுத்துப் போடும் ஜவுளிக்கடையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்க்கவும் பயம். சென்னையில் மளிகைக்கடையில் வேலைபார்க்கும் புருஷன் பெருமாள்ராஜிடம் மட்டும் சொன்னாள். அந்த மனுஷன் அன்றைக்கே லீவு கேட்டான்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். மாதத்துக்கு மூன்று நாள்தான் முதலாளி லீவு விடுவார். அதை எப்போது எடுப்பது என்று மாமியார் சுடலைவடிவு சட்டமே போட்டிருந்தாள்.

"ஏட்டி, தலைக்குக் குளிச்ச மறுநாளே அவன் இங்கன நிக்கணும். அப்பதான் வயிறு சுத்தமா இருக்கும், பிள்ளை தங்கும்."

அவளுக்கு அப்படித்தான் ஐந்து பிறந்ததாம். அவள் புருஷன் மாதம் முழுக்க வீட்டிலேயே கிடந்தவர் என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. கிழவி நல்லவள்தான். மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேரப்பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக நடந்து நடந்தே கடைசியில் கண்ணை மூடினாள்.

பொன்செல்வி குளித்ததும் போன் போடுவாள், அவன் ரயில் ஏறுவான். இடம் கிடைக்காமல் கதவோரம் நின்றுகொண்டே வந்ததும் உண்டு. டாக்டரிடம் மட்டும் இரண்டு பேரும் போகவில்லை. குறை தன் தலையில் விழுந்துவிடுமோ என்று ஆளுக்கு ஆள் பயம்.

இந்தத் தடவை அவனும் வந்து, ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போனார்கள். அவனை வெளியே இருத்திவிட்டு அவள் உள்ளே போனாள். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். பிள்ளை இல்லை. முட்டைகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன, தீட்டு நிற்கப்போகிறது என்றார். பிறகு பழைய கதையை விசாரித்தார்.

"முன்னால ஒழுங்கா வருமா?"

"முப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்க, தப்பாம வரும் டாக்டர்."

"வீட்டுக்காரர் எப்ப வருவார்?"

சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

குளித்த சமயத்தில் உள்ளே ஒன்றுமே தயாராக இருக்காதாம். அதற்குப் பிறகுதான் ஒரு முட்டை பைய முற்றும், கருப்பைக்குள் புதிதாக மெத்தை போல ஒரு சவ்வு வளரும். அடுத்த தீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னால், அவள் கணக்குக்கு இருபத்தோராம் நாள் வாக்கில், முட்டை வெளியே வரும். ஒரு நாள்தான் அதற்கு ஆயுசு. ஆணின் உயிரணுவோ மிஞ்சிப்போனால் ஐந்து நாள் காத்திருக்கும். கரு தங்காவிட்டால் அந்த மெத்தை கரைந்து ரத்தமாக இறங்கும். பொன்செல்விக்கு முட்டை வந்த நாளிலெல்லாம் பெருமாள்ராஜ் சென்னையில் பருப்பு எடை போட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே பெஞ்சில் இருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்தான். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப எங்கிட்ட குறை இல்லியா?"

"இருக்காதுன்னுதான் சொல்லுதாவ."

"உங்கிட்டயும்?"

"எங்கிட்டயும்தான்."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். "நீ வேற ஒருத்தனக் கெட்டியிருந்தா பெத்திருப்பேன்னு நெனச்சே செத்துக்கிட்டு இருந்தேன், பொன்செல்வி."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கண்ணீரைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்கு வேற பொண்ணு பாருங்கன்னு நானும் அத்தை கால்ல விழுந்து கெஞ்சுனேன். அவுகதான் கேக்கல."