கேக்குதா, சாமி?

ராசிபுரத்தில் மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவரிடம் போய் உட்கார்ந்திருப்பேன். மெலிந்த ஆள், சட்டையில் எப்போதும் ஈயம் பற்றவைத்த வாசம். காது மங்கிக்கொண்டே வந்த மகளுக்காக, ஒன்றைவிட ஒன்று பெரிதாக வால்வு ஆம்ப்ளிஃபையர்களை வீட்டிலேயே கட்டுவார். கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்ததும் மைக் ஒயரின் முனையை விரலால் தொடுவார். ஸ்பீக்கர் உர்ரென்று இரையும்.

அன்றும் தொட்டுக்கொண்டே, "கேக்குதா, சாமி?" என்றார். ஸ்பீக்கர் முன்னால் இருந்த மகள் அவர் வாயைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரை மாட்ட மறந்திருந்தார். அவரும் அதைப் பார்த்துவிட்டார். பதிலுக்குச் சிரித்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை அணைத்தார்.

அடுத்த முறை போனபோது இன்னும் பெரிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எதுக்குங்க?" என்றேன்.

"நிறுத்திட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு புள்ள கண்டுபுடிச்சுருமுங்க."