முறை நாள்

முதல் அறிகுறி எனக்குக் கண்ணில் வந்தது. பர்மாவில், ஜப்பானியர் பிடித்திருந்த காட்டுக்குள் பிரிட்டிஷ் படையினரான நாங்கள் நடந்துபோய் ஐந்தாவது வாரம். எங்களுக்குப் பின்னால் சாலை கிடையாது. அரிசி, தோட்டா, மருந்து எல்லாம் விமானத்திலிருந்து பாராசூட்டில்தான் விழும். புகைமூட்டி இடம் காட்டுவது என் வேலை.

"எத்தினி வுழுது, எண்ணுடா சூசை" என்றான் எங்கள் செஞ்சிக்குப் பக்கத்து ஊரான வல்லத்து முனுசாமி.

"பன்னெண்டு."

அவன் என் நெற்றியைத் தொட்டான். "ஆறுதான்டா. இன்னா இப்டி கொதிக்குது? மாத்திர துன்னியா, இல்லியா?"

தின்றேன் என்று பொய் சொன்னேன். மலேரியா வராமலிருக்கத் தினம் ஒரு மஞ்சள் மாத்திரை கொடுப்பார்கள். அதனால் ஆண்மை போய்விடும் என்று படையில் ஒரு பேச்சு. கல்யாணமாகி இரண்டே மாதத்தில் ரயிலேறியவன் நான். மூன்று வாரமாகத் துப்பிக்கொண்டிருந்தேன்.

நடக்க முடியாதவனைச் சுமந்துகொண்டு அங்கே அதிக தூரம் போக முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்; யாரும் பேசுவதில்லை. முனுசாமி என்னைக் கோவேறு கழுதைமேல் பாராசூட் கயிற்றால் கட்டி, நான்கு நாள் இழுத்துக்கொண்டு நடந்தான். கடைசியில், வரப்பு வெட்டிச் சமன்செய்த வயலில் ஒரு சின்ன விமானம் இறங்கியது. என்னை ஏற்றும்போது சொன்னான்: "எங்கம்மாவ பாத்து, நான் நல்லா கீறேன்னு சொல்லு."

அஸ்ஸாம் மருத்துவமனையில் குவினைன் (மலேரியாவுக்கான கசப்பு மருந்து) ஏற்றினார்கள். மண்ணீரல் (இடது விலாவுக்குக் கீழுள்ள உறுப்பு) வீங்கி, கையால் தடவினாலே தட்டுப்பட்டது. தமிழ் டாக்டர் ஒருவர் ஏன் மாத்திரை சாப்பிடவில்லை என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன்.

"செத்துப்போனவனுக்கு மட்டும் குழந்தை பிறக்குமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

செஞ்சிக்குத் திரும்பிய பிறகும் முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் காய்ச்சல்) என்னை விடவில்லை. கொஞ்சம் நடக்க முடிந்ததும் வல்லத்துக்குப் போனேன்.

"யம்மா, முனுசாமி நல்லா இருக்கறான்" என்றேன்.

அந்த அம்மா உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து நீட்டினார். சர்க்கார் கடிதம். நான் விமானமேறிய பதினோராம் நாள் அவன் இறந்திருந்தான்.

"நல்லா இருந்தப்ப அவன கடசியா பாத்தவன் நீதாம்பா. சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன், துப்பிய மாத்திரைகளையும் சேர்த்து. சொல்லி முடிப்பதற்குள் பல் கிட்டி உடம்பு தூக்கிப்போட்டது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தன் பழைய சேலைகளைக் கொண்டுவந்து மேலே போர்த்தி, "படு, நடுங்கற" என்றார். வேர்த்துக் காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இதே காய்ச்சலோடு போர்முனையிலிருந்து வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். மருந்தை விழுங்குங்கள். துணைக்கு இருப்பவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். உடம்பு தேறும், ஆனால் பழைய உடம்பு திரும்பி வராது.

ஒன்றரை வருஷம் எனக்குக் கிழமைகளே இல்லை. குளிர் வரும் நாள், வராத நாள், அவ்வளவுதான். ஒரு பிற்பகல் நானும் என் மனைவி மேரியும் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னிக்கு மொற நாளாச்சே. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். கைகளை விரித்துப் பார்த்தேன். மண் ஒட்டியிருந்தது. நடுக்கம் இல்லை. அடுத்த செடியைப் பிடித்து இழுத்தேன்.