அக்காவின் இலக்கம் தேடி வில்கமுவ வரை

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஹெட்டிபொல பஸ் மாத்தளையிலிருந்து புறப்பட்டது. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர். கட்டணம் முந்நூற்றெண்பது ரூபாய். ஹெட்டிபொல வில்கமுவப் பகுதியின் சிறுநகரம். அங்கு செல்லும் பஸ்கள் மிகச் சில. ரிஸானா என்ற பெண்ணைக் கண்டு, தமது அடையாள அட்டையுடன் என்னோடு ஒரு தொலைபேசிக் கடைவரை வரும்படி அவரைக் கேட்பதே என் பயணத்தின் நோக்கம். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை.

ஐந்து வாரங்களுக்கு முன் என் அக்கா சுகந்தி டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். அவளுடைய மகனுக்கு எட்டு மாதம். ரத்தோட்டைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பெட்டியை மூடுவதற்கு முன் அம்மா அவளுடைய கைத்தொலைபேசியை எடுத்து அவள் விரல்களுக்கு அடியில் வைத்தார். “இது இல்லாம அவ ஒரு நிமிஷம் இருக்க மாட்டா” என்றார். இறந்தவர் விரும்பிய பொருளைக் கூடவே அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். சீப்பு, மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பை எல்லாம் போயிருக்கின்றன. ஆகவே யாரும் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னிடம் கேட்டார்: “ஏ புள்ள, அவளும் தம்பிப் பாப்பாவும் சேந்திருக்கிற படம் அதுக்குள்ளதானே இருந்துச்சு?”

குழந்தையின் படங்கள் எங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றை எடுத்தவள் அக்கா என்பதால், ஒன்றிலும் அவள் இல்லை. பிரசவத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தையை அணைத்தபடி தன்னைத் தானே எடுத்த படம் ஒன்றுதான் விதிவிலக்கு. “மூஞ்சி ஊதிக் கெடக்கு, ஒருத்தருக்கும் அனுப்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

மாத்தளையில் கைத்தொலைபேசி திருத்துபவர் நிலைமையைக் கேட்டார். “போன் இல்லாம நான் எதைத் தொறக்கிறது, மிஸ்? அவங்க ஆன்லைன் கணக்குல படம் ஏறியிருந்தா அங்க இருக்கும். பாருங்க” என்றார். அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவள் நான். கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஆனால் புதிய கருவியிலிருந்து நுழைந்ததால், உறுதிப்படுத்தும் எண் உங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று திரை அறிவித்தது. அது எங்கே அனுப்பப்பட்டது என்பதை நான் அறிவேன்.

அதே இலக்கத்துக்கு வேறொரு சிம் வாங்கலாம். பதிவுசெய்தவர் நேரில் வர வேண்டும். விசாரித்தபோது இலக்கம் அக்காவின் பெயரில் இல்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்ததால் அவளுக்கு அடையாள அட்டை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. மாத்தளைப் புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, கூட வேலை செய்த ரிஸானா தம் அட்டையில் சிம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ரிஸானாவின் இலக்கமும் அக்காவோடு மண்ணுக்குள் போய்விட்டது. அவர் மணமாகி ஹெட்டிபொலவில் சில்லறைக் கடை வைத்திருக்கும் செய்தியைப் புடைவைக் கடைக் காசாளர் சொன்னார். அவ்வளவே நான் கொண்டு போன முகவரி.

பலாபத்வல தாண்டியதும் நடத்துநர் டிக்கெட்டுடன் வந்தார். சிங்களவர், சந்தையில் பழகிய தமிழ்; தங்கச்சி என்பதை மட்டும் ‘நங்கி’ என்றார்.

“நங்கி ஹெட்டிபொலயா? கல்யாண வீடா?”

“இல்லை.”

“அப்ப செத்த வீடு?”

“அங்கே இல்லை.”

“கல்யாணமும் இல்ல, சாவும் இல்ல. எங்க ஊருக்கு அப்பிடி ஒருத்தரும் வாறதில்லயே. யானை பாக்கவா?” முன் இருக்கையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

நாவுலவில் பஸ் பெருந்தெருவை விட்டு வலப்புறம் திரும்பியது. எலஹெர கடந்த பின் நிலம் தட்டையாகி, வெயில் வெளுத்தது. நீர்த்தேக்கம் ஒன்று தெரிந்தபோது அதே நடத்துநர் யன்னலைத் தட்டிக் காட்டினார். “பழைய பல்லேகம அதுக்கு அடியில. பஸ் ஸ்டாண்ட், கடைத்தெரு, நான் அடி வாங்கின பள்ளிக்கூடம், எல்லாம் தண்ணிக்குள்ள.” முறைப்பாடு எதுவும் அவர் குரலில் இல்லை. அப்பால் தெருவின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தது. பஸ் மறுபாதியில் மெதுவாக ஊர்ந்தது.

பத்தே முக்காலுக்கு இறங்கினேன். மாத்தளைக்குத் திரும்பும் கடைசி பஸ் இரண்டேகாலுக்கு.

கடையைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. ரிஸானா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. “சுகந்திட தங்கச்சியா? அதே மூக்கு!” என்று சிரித்தார். “எங்க அந்தக் கழுத? ஒரு மாசமா மெசேஜ் போட்டா ஒத்த சரி அடையாளம்தான் விழுது. என்னோட கோவமா?”

பஸ்ஸில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வாக்கியங்கள் உதவவில்லை. “ராத்தா, அக்கா இல்லை” என்று மட்டும் சொன்னேன். முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்போம்.

“இன்னாலில்லாஹி” என்றபடி அவர் அரிசி மூட்டையின்மேல் அமர்ந்தார். எந்த நாள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இறந்தாள், செவ்வாய் பின்னேரம் அடக்கம் என்றேன்.

“செவ்வாக்கிழம நான் கோல் எடுத்தேனே. அடிச்சிச்சு. ரெண்டு தரம் அடிச்சிச்சு, யாரும் எடுக்கல்ல.”

செவ்வாய் பின்னேரம் நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்கு நடுவே ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் தப்பு அடித்துச் சென்றார்கள். எங்களுக்கு வேறெதுவும் கேட்டிருக்காது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வந்த காரணத்தைக் கூறியபோது அவருடைய கணவர் தயங்கினார். “வேற ஆள் பாவிச்ச நம்பர். நாளைக்கு எனத்தயும் பிரச்சின வந்தா?”

“மௌத்தான புள்ள எனக்கு எனத்த பிரச்சின குடுக்கப் போகுது?” என்று ரிஸானா எழுந்தார். கணவர் மேசை இழுப்பறையிலிருந்து அட்டையைத் தாமே எடுத்துக் கொடுத்தார்.

தொலைபேசிக் கடையில் கைநாட்டும் கையொப்பமும் பெற்று ஒரு சிம்மைத் தந்தார்கள். வேலை செய்ய ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். எதிரே இருந்த தேநீர்க் கடையில் காத்திருந்தோம். ஒன்றே முக்காலுக்கு என் தொலைபேசியில் அக்காவின் இலக்கம் உயிர்பெற்றது. உறுதிப்படுத்தும் ஆறு எண்கள் வந்தன, கணக்கு திறந்தது.

நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. சேலைக் கட்டுகள், மதியச் சாப்பாடு, கோவில் தேர். கடைசிப் படத்தில் அக்காவும் ரிஸானாவும் புடைவைக் கடை வாசலில் நிற்கிறார்கள். அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வேலையை விட்ட நாள் அது. அதற்குப் பிறகு ஒரு படமும் இல்லை.

காரணம் எனக்கு நினைவுக்கு வந்தது. அக்காவின் தொலைபேசி அமைப்பில் முன்பு நான் பார்த்த வரி: வைஃபை உள்ளபோது மட்டும் சேமிக்கவும். டேட்டா காசை மிச்சப்படுத்த அக்கா அப்படி வைத்திருந்தாள். வைஃபை கடையில் இருந்தது. தோட்டத்து லய வீட்டில் இல்லை. கணக்கு வைத்திருக்கும் வாசகர்கள் கணக்கு இருக்கிறது என்று ஆறுதலடைய வேண்டாம். கடைசியாக ஏறிய படத்தின் திகதியைத் திறந்து பாருங்கள். வேண்டிய படத்தை வேறோரிடத்திலும் வையுங்கள்; இயன்றால் ஸ்டூடியோவில் கழுவி எடுங்கள்.

ரிஸானா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின் தாழ்ந்த குரலில், “அந்தப் படத்த எனக்கு அனுப்பினா” என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

“எனக்கு மட்டும். நான் பாத்தேன். ஆனா அப்ப எங்கட நானா, மூத்த அண்ணன், என்ட போன எடுத்துப் பாப்பாரு எண்டு, மெசேஜ் எல்லாம் ஏழு நாள்ல தானா அழியிற மாதிரி வெச்சிருந்தேன். எடுத்து வெக்கத் தோணல்ல. நாளைக்கும் அனுப்புவா எண்டுதானே நெனச்சேன்.”

எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் கண்களை மூடிக்கொண்டு சொன்னார்: அக்கா ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். முடி கலைந்திருந்தது. சிரிக்கவில்லை, சிரிக்கப் போகிறவள் போல இருந்தாள். குழந்தை நீலத் துவாயில் சுற்றியிருந்தது. ஒரு கை மட்டும் வெளியே, அவளுடைய கழுத்தில். கேட்டபடியே என் தொலைபேசியில் எழுதிக்கொண்டேன். பஸ் ஒலியெழுப்பியது. ரிஸானா என் கையைப் பிடித்தார். அட்டையைத் தேநீர்க் கடை மேசையிலேயே விட்டுவிட்டு பஸ் வாசல்வரை வந்தார்.

எலஹெரவுக்கு முன்பாக மாமா அழைத்தார். “கெடச்சுச்சா புள்ள?”

இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் குழந்தையின் குரல் கேட்டது. ரிஸானாவிடம் கேட்டு எழுதியதை அவருக்கு வாசித்தேன்: சரிந்த தலை, கலைந்த முடி, நீலத் துவாய், கழுத்தில் இருந்த கை.

அவர் இடைமறித்தார். “நீலம் இல்ல, பச்ச. மாத்தளையில நான்தானே வாங்கிட்டுப் போனேன்.”

“ராத்தா நீலம் என்றுதான் சொன்னார்.”

“பச்ச புள்ள.” குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. “பச்சன்னுதான் நெனைக்கிறேன்” என்றார் பிறகு. “ரெண்டையும் எழுதி வை.”

எழுதினேன்.